மனுஷ வாடை: மான் வேட்டையில் காத்து எப்படி ஓடுது?

(எபிசோடின் எழுத்து வடிவம். ஒரே விஷயத்தை ரெண்டு தடவை சொன்ன இடங்களை வெட்டியிருக்கேன். ஒரு இடத்துல தப்பாச் சொன்னதைத் திருத்தியிருக்கேன், அது எங்கேன்னு உள்ள குறிச்சிருக்கேன்.)

[ஒலிப்பதிவு: காய்ந்த இலைகள், தூரத்தில் ஓடை. பிறகு டயரிலிருந்து காத்து பீறிடுவது போல ஒரு சத்தம், மூன்று முறை.]

இப்ப நீங்க கேட்டது ஒரு பெண் மானோட சத்தம். தொண்டைல இருந்து வர்ற கத்தல் கிடையாது. மூக்கு வழியா காத்தை ஒரே தள்ளா வெளியே தள்ளுது. அமெரிக்க வேட்டைக்காரங்க இதை "ஊதிடுச்சு"ன்னு சொல்வாங்க. "ஊதிடுச்சா? சரி, கிளம்பு, வீட்டுக்குப் போலாம்." அந்த அர்த்தத்துல. இங்க ஏதோ ஆபத்து இருக்குன்னு சுத்துவட்டாரத்துல இருக்கற எல்லா மானுக்கும் போற அறிவிப்பு அது.

அந்த ஆபத்து நான்தான். அது என்னைப் பார்க்கல. எனக்கும் அதுக்கும் நடுவுல 150 மீட்டர் காடு, ஒரு வளைவு. நான் பேசல, அசையல, கையில ரெக்கார்டரைப் பிடிச்சுக்கிட்டு சிலை மாதிரி நின்னுட்டிருந்தேன். சின்ன வயசுல பாட்டி சொன்ன கதைகள்ல குகைக்குத் திரும்பி வர்ற ராட்சசன் மூக்கை உறிஞ்சிட்டு மனுஷ வாடை அடிக்குதேன்னு கேட்பான் இல்லையா, கிட்டத்தட்ட அதேதான் நடந்தது. இதனால எனக்கு ஒண்ணும் ஆகல. என்னைக் கூட்டிட்டுப் போனவருக்குத்தான் நஷ்டம். அது என்னன்னு கடைசில சொல்றேன், ஏன்னா முதல்ல காத்து புரியணும்.

இடம் சொல்லிடறேன். அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலம், தென்மேற்கு மூலைல வெர்னன் கவுண்டி. அந்தப் பகுதிக்கு டிரிஃப்ட்லெஸ்னு பேர். பனியுகத்துல சுத்தியிருந்த நிலத்தையெல்லாம் பனிப்பாறைகள் இழைச்சுத் தட்டையாக்கிட்டுப் போச்சு, இந்த ஒரு துண்டை மட்டும் தொடல. அதனால மத்திய அமெரிக்காவோட சமவெளிக்கு நடுவுல திடீர்னு முகடு, சரிவு, ஓடை, பள்ளம்னு மடிப்பு மடிப்பா இருக்கும். என் டீம்ல இருக்கற ஒரு சீனியர், அம்பது வயசைத் தாண்டினவர், அங்க பண்ணைல பொறந்து வளர்ந்தவர். அக்டோபர் கடைசி சனிக்கிழமை, வில்-அம்பு சீசன். "வேட்டையாட வேண்டாம், சும்மா வந்து உக்காரு"ன்னு கூப்பிட்டார்.

கமெண்ட்ல நிச்சயம் வரும், அதனால இப்பவே சொல்லிடறேன். இந்தியாவுல மான் வேட்டை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இது செய்முறை விளக்கம் கிடையாது. அங்க லைசென்ஸ், சீசன், எத்தனை மான்ங்கற கணக்கு எல்லாம் மாநில அரசு கையில இருக்கு. எடுக்கற மானை வீட்ல சாப்பிடறாங்க. வேட்டை பிடிக்காதவங்களுக்கும் இதுல ஒரு நல்ல இயற்பியல் பாடம் இருக்கு, எனக்கு அதுல தான் ஆர்வம் வந்தது.

மூக்குதான் முதல் புலன்

அங்க இருக்கறது வெள்ளைவால் மான். துப்பாக்கி சீசன்ல வேட்டைக்காரங்க ஆரஞ்சு மாதிரி பளிச்சுனு தெரியற நிறத்துல சட்டை போடணும்னு சட்டமே இருக்கு. மான் ஓடாதா? ஓடாது. மானோட கண்ணுல நிறம் பார்க்கற கூம்பு செல் ரெண்டு வகைதான், நமக்கு மூணு. ஆரஞ்சு அதுக்கு மங்கலா, பக்கத்துல இருக்கற காய்ஞ்ச புல் மாதிரிதான் தெரியும். அசைவைத்தான் சட்டுனு பிடிக்கும். கண்ணுல நீங்க பட்டுட்டாக் கூட, அசையாம இருந்தா மான் தலையை மேலயும் கீழயும் ஆட்டிப் பார்த்துட்டு, சில சமயம் மறுபடி மேய ஆரம்பிச்சிடும். காதுல ஒரு சுள்ளி ஒடியற சத்தம் விழுந்தா, அணிலா இருக்கும்னு விடறதும் உண்டு.

மூக்குல பட்டா அந்தச் சந்தேகத்தோட பலன் உங்களுக்குக் கிடைக்காது. கண்ணையும் காதையும் மூக்கை வெச்சு சரிபார்க்கற பிராணி அது. மூக்கைச் சரிபார்க்க அதுக்கு வேற எதுவும் தேவையில்ல.

சரி, நம்ம உடம்புல இருந்து என்ன போகுது? வியர்வைக்குன்னு பெருசா வாசனை கிடையாது. தோல் மேல இருக்கற பாக்டீரியா அதை உடைக்கும்போது வர்ற சின்னச் சின்ன மூலக்கூறுகள்தான் வாசனை. அதோட, நம்ம தோல்ல இருந்து கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உதிர்ந்துக்கிட்டே இருக்கு, பாக்டீரியாவையும் சுமந்துக்கிட்டு. அப்புறம் மூச்சு. நான் உயிரோட இருக்கற வரைக்கும் இது நிக்காது. நீங்க ஒரு அகர்பத்தி, அணைக்க வழியில்ல. இதை ஒத்துக்கிட்டா மீதி எல்லாம் சுலபம்னு சீனியர் சொன்னார். ஒத்துக்காதவங்களை நம்பி ஒரு பெரிய மார்க்கெட்டே ஓடுது.

ஸ்ப்ரே, கார்பன் சட்டை, ஓசோன் மெஷின்

மார்க்கெட்ல என்னவெல்லாம் இருக்குன்னா: வாசனையில்லாத சோப்பு, வாசனையில்லாத டிடர்ஜென்ட், சட்டை மேல அடிக்கற ஸ்ப்ரே, ஆக்டிவேட்டட் கார்பன் வெச்சுத் தெச்ச உடை, மரத்துல தொங்கவிடற ஓசோன் மெஷின். சோப்பும் டிடர்ஜென்ட்டும் நியாயமான விஷயம், மல்லிகை வாசனையோட காட்டுக்குப் போறதுல அர்த்தமில்ல. ரப்பர் பூட்ஸும் நியாயம். நடந்து போன தடத்துல வாசனை கம்மியா ஒட்டும், ரெண்டு மணி நேரம் கழிச்சு அந்தத் தடத்தைத் தாண்டற மான் நிக்காமப் போக வாய்ப்பு இருக்கு.

கார்பன் உடைதான் சுவாரசியம். கார்பன் வாசனை மூலக்கூறுகளைப் பிடிச்சு வெச்சுக்கும், அது உண்மை. வீட்ல இருக்கற வாட்டர் ஃபில்டர்லயும் அதேதான் நடக்குது. ஆனா அதோட துளைகள் நிரம்பிடும். துணி காயவைக்கற டிரையர்ல போட்டாப் புதுசாகிடும்னு விளம்பரம் பண்ணாங்க. தொழிற்சாலைல கார்பனை முழுசா புதுப்பிக்க 800 டிகிரி செல்சியஸ் மாதிரி வெப்பம் தேவை, வீட்டு டிரையர் நூறைக் கூடத் தொடாது. ஓரளவு காலியாகும், அவ்வளவுதான். 2007-ல மினசோட்டாவுல சில வேட்டைக்காரங்க இந்த விளம்பரங்களை எதிர்த்து வழக்கே போட்டாங்க. 2010-ல கீழ்க்கோர்ட் அவங்க பக்கம் நின்னுச்சு, 2011-ல மேல்முறையீட்டுல அது மாறிடுச்சு. சட்டப்படி யார் ஜெயிச்சாங்கங்கறது வேற விஷயம். 2002-ல வெளியான ஒரு ஆய்வுல, கார்பன் உடை போட்டு ஒளிஞ்சவங்களைத் தேடும் நாய்களை விட்டுப் பார்த்தாங்க. கிட்டத்தட்ட எல்லாரையும் நாய்கள் கண்டுபிடிச்சிடுச்சு.

என் கருத்து: வாசனையைப் பாதியாக் குறைச்சாலும் மானுக்கு அது மனுஷ வாடைதான், கொஞ்சம் தள்ளியிருக்கற மனுஷன், அவ்வளவுதான். சீனியர் கிட்ட 20 வருஷப் பழைய கம்பளி கோட்டு ஒண்ணு. அதை வீட்டுக்குள்ள கொண்டு வரமாட்டார், கொல்லைல கொட்டகைல தொங்கும். அவரோட மொத்த வாசனைப் பாதுகாப்பும் அதுதான். மீதி எல்லாம் காத்து.

ஆப் காட்டற அம்புக்குறி

தமிழ்ல "வாடை"ன்னா வாசனை, வடக்கே இருந்து வர்ற குளிர்காத்துக்கும் வாடைதான் பேர். ரெண்டுக்கும் ஒரே சொல் இருக்கற மொழியைப் பேசிக்கிட்டு, ரெண்டையும் ஒண்ணா யோசிக்க எனக்கு விஸ்கான்சின் வரைக்கும் போக வேண்டியிருந்தது.

அடிப்படை விதி எல்லாருக்கும் தெரியும்: காத்து மான் பக்கத்துல இருந்து உங்க முகத்துல அடிக்கணும். அப்ப உங்க வாடை பின்னால போயிடும். நானும் அதைத்தான் படிச்சிருந்தேன். போனைத் திறந்தேன், கிழக்குக் காத்து, மணிக்கு 5 மைல்னு போட்டிருந்தது. வயல் கிழக்குப் பக்கம், மான் வர்றது வயலுக்கு, அப்ப எல்லாம் சரிதானே?

அந்த ஆப் காட்டற காத்து எங்க அடிக்குது தெரியுமா? வானிலை ஆய்வுல காத்தை அளக்கற தர உயரம் 10 மீட்டர், அதுவும் சுத்தி மரமோ கட்டிடமோ இல்லாத திறந்த வெளில. முன்னறிவிப்பும் பெரிய பெரிய கட்டங்களுக்குச் சேர்த்துப் போடற கணக்கு. நீங்க நிக்கறது ஒரு பள்ளத்துக்குள்ள, ஓக் மரங்களுக்கு அடியில. ஓஎம்ஆர்ல சராசரி வேகம் 40ன்னு மேப்ல பார்த்துட்டு, ஒரு குறிப்பிட்ட சந்துக்குள்ள அதே வேகத்துல போகலாம்னு கிளம்பற மாதிரி.

மலை முகட்டைத் தாண்டி வர்ற காத்து அந்தப் பக்கம் நேரா இறங்காது. ஆத்துல பாறைக்குப் பின்னாடி தண்ணி சுழிச்சுத் திரும்புமே, அதே மாதிரி மறைவுப் பக்கம் சுழல் உருவாகும். அந்தச் சுழலுக்குள்ள நீங்க நின்னா, காத்து உங்க முகத்துலயும் அடிக்கும், அடுத்த நிமிஷம் முதுகுலயும் அடிக்கும். காடு முடிஞ்சு வயல் ஆரம்பிக்கற ஓரத்துலயும் இதே கதைதான்.

வாசனையும் ஒரு அழகான விசிறி வடிவத்துல பரவாது. அகர்பத்திப் புகையைப் பாருங்க. கொஞ்ச தூரம் ஒரே நூலாப் போகும், அப்புறம் முறுக்கி, பிரிஞ்சு, துண்டு துண்டா ஆகும். வாசனையும் இழை இழையா, நடுவுல வெத்து காத்தோட போகும். அதனாலதான் 50 மீட்டர்ல இருக்கற மான் ஒண்ணும் தெரியாம மேயும், 150 மீட்டர்ல இருக்கறது சட்டுனு தலையைத் தூக்கும். ஒரு இழை அங்க போய்ச் சேர்ந்திருக்கும்.

எருக்கம்பஞ்சு

சரி, கண்ணுக்குத் தெரியாத காத்தை எப்படிப் பார்க்கறது? கடையில ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டில்ல மாவு மாதிரி பவுடர் விக்கறாங்க, அமுக்கினா புகை மாதிரி வரும். அது ரெண்டு மூணு மீட்டர்ல கரைஞ்சிடும். உங்களைச் சுத்தி என்ன நடக்குதுன்னு மட்டும்தான் அது சொல்லும்.

சீனியர் கோட்டுப் பையில இருந்து ஒரு காய்ஞ்ச காயை எடுத்தார். பிளந்தா உள்ள வரிசையா பழுப்பு விதைகள், ஒவ்வொண்ணுலயும் பட்டு மாதிரி வெள்ளைப் பஞ்சு. "இது எங்க ஊர்ல ரயில்வே டிராக் ஓரமா இருக்குமே!"ன்னு கத்திட்டேன். (திருத்தம்: எபிசோட்ல நான் இது எருக்குன்னே சொல்லிட்டேன். அது மில்க்வீட். நம்ம எருக்கோட அதே குடும்பம், செடி வேற. ஒடிச்சா ரெண்டுலயும் பால் வடியும், ரெண்டுலயும் விதை பஞ்சு கட்டிப் பறக்கும்.) மோனார்க் பட்டாம்பூச்சியோட புழு தின்னு வளர்றது இந்தச் செடியைத்தான். ரெண்டாம் உலகப்போர்ல அமெரிக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைங்க இந்தக் காய்களைச் சாக்குல சேகரிச்சுக் கொடுத்தாங்க, பஞ்சு கப்பல்காரங்களோட மிதவை உடைக்குள்ள போச்சு.

ஒரு பஞ்சைப் பிச்சு விட்டா, அது காத்தோட பாட்டுக்கு மிதந்து போகும். பத்து மீட்டர், முப்பது, அறுபது, கண்ணுக்குத் தெரியற வரைக்கும். காலைல முகட்டு மேல நின்னு முதல் பஞ்சை விட்டார். நான் ஆப்ல பார்த்த மாதிரியே மேற்கே போச்சு, எனக்கு சந்தோஷம். இருபது மீட்டர் தாண்டினதும் மெதுவா இடது பக்கம் திரும்பிச்சு, ஒரு மரத்தைச் சுத்திச்சு, அப்புறம் மேல ஏற ஆரம்பிச்சு எங்க தலைக்கு மேலயே திரும்பி வந்தது. நான் வேலைல லாக் பார்த்து லாக் பார்த்துப் பழகினவன், ஆனா இவ்வளவு தெளிவான லாக்கை நான் பார்த்ததில்ல. சராசரியைக் காட்டாது. ஒரே ஒரு பொட்டலம் எந்த வழியாப் போச்சுன்னு காட்டும்.

ஊர்ல இருக்கறவங்க இதை மொட்டைமாடில செஞ்சு பாருங்க. மார்ச், ஏப்ரல்ல எருக்கங்காய் வெடிச்சிருக்கும். பால் கண்ணுல படாமப் பார்த்துக்கங்க, அது எரிச்சலாகும்.

சரிவு எப்ப மூச்சை மாத்தும்

இப்ப முக்கியமான இடத்துக்கு வந்துட்டோம். நான் தப்புப் பண்ணினதும் இங்கதான்.

சென்னைக்காரங்களுக்கு இது தெரியும், பேர் மட்டும் தெரியாது. மதியத்துக்கு மேல கடல்காத்து வரும். நிலம் சூடாகி, மேல இருக்கற காத்து லேசாகி ஏறிடும், கடல்ல இருந்து குளிர்ந்த காத்து அந்த இடத்துக்கு வரும். ராத்திரி தலைகீழ். மலைச்சரிவுல இதே விஷயம் சின்ன அளவுல நடக்கும். வெயில் பட்டா சரிவை ஒட்டின காத்து சூடாகி மேல ஏறும். வெயில் போனா குளிர்ந்து, கனமாகி, தண்ணி மாதிரி கீழ இறங்கும். வேட்டைக்காரங்க இதைத் தெர்மல்னு சொல்றாங்க. பலமான காத்து அடிக்கற நாள்ல இது அடங்கிடும். மணிக்கு 5 மைல் மாதிரி லேசான காத்துல, சாயங்காலம் அந்தக் காத்தும் ஓயற நேரத்துல, சரிவுதான் முடிவு பண்ணும்.

"தண்ணி மாதிரி"ன்னு சொன்னது ஒரு பேச்சுக்காக இல்ல. குளிர்காத்து உண்மையிலயே பள்ளம் தேடி ஓடும். ஓடைப் பள்ளங்கள்தான் அதோட வாய்க்கால். ரெண்டு ஓடை சேர்ற இடத்துல ரெண்டு பக்கத்துக் காத்தும் சேரும். தாழ்வான இடத்துல குட்டை மாதிரித் தேங்கும். விடியற்காலைல பள்ளத்துல மட்டும் மூடுபனி நிக்கறதுக்கும் இதுதான் காரணம். அதனால சீனியரோட கேள்வி எப்பவும் ஒண்ணுதான்: "இங்க ஒரு பக்கெட் தண்ணியைக் கவுத்தா எங்க போய்ச் சேரும்?"

எப்ப மாறும்? இங்கதான் எல்லாரும் சூரியன் மறையற நேரத்தைப் பார்க்கறாங்க. அக்டோபர் கடைசில அங்க சூரியன் மறையறது 6 மணி வாக்குல. ஆனா கிழக்குப் பார்த்த சரிவுல, சூரியன் முகட்டுக்குப் பின்னாடி போனதுமே நிழல் விழுந்துடும். அன்னிக்கி நாலரைக்கே. எதிர்ப்பக்கச் சரிவு இன்னும் பொன்னிறமா வெயில்ல குளிச்சுக்கிட்டு இருக்கும்போது, இங்க காத்து கீழ இறங்க ஆரம்பிச்சிருக்கும். ஒரே பள்ளத்தோட ரெண்டு கரைலயும் எதிரெதிர் திசைல ஓட்டம்.

காலைல இது திரும்ப மாறும், ஆனா உடனே மாறாது. சூரியன் வந்த பிறகும் சரிவு சூடாக நேரம் எடுக்கும். அந்த இடைவெளில காத்து எந்தப் பக்கமும் போகாம அலையும். அந்த நேரம் பரண்ல அசையாம உக்காந்து பிரார்த்தனை பண்ணலாம், அவ்வளவுதான்.

மானுக்கும் காத்து பிடிக்கணும்

நான் எதிர்பார்க்காத விஷயம் இது. காத்து உங்களுக்கு நூறு சதவீதம் சாதகமா இருக்கற இடத்துல உக்காந்தா, பெரிய ஆண் மான் வராமலேயே போகலாம். ஏன்னா உங்களுக்கு முழுசா சாதகம்னா, பல சமயம் அதுக்கு முழுசா பாதகம். நாலஞ்சு வயசு வரைக்கும் பிழைச்ச ஆண் மான் அந்தப் பக்கம் கண்ணை மூடிக்கிட்டு நடக்காது. அது படுக்கறதே கணக்குப் போட்டுத்தான்: முகட்டுக்குக் கொஞ்சம் கீழ, காத்து மறைவுப் பக்கத்துல. முதுகுப் பக்கம் இருந்து வர்ற காத்து பின்னால யார் வர்றாங்கன்னு சொல்லும், கீழே இருந்து ஏறி வர்ற வெப்பக்காத்து பள்ளத்துல என்ன நடக்குதுன்னு சொல்லும், கண்ணு முன்னால பார்க்கும். வயலுக்கு இறங்கும்போது வயல்ல இருந்து வர்ற காத்தை மூக்குல வாங்கிக்கிட்டே இறங்கும்.

அப்ப வேட்டைக்காரர் என்ன பண்ணணும்? மானுக்குத் தனக்குத்தான் காத்து சாதகம்னு தோணற நாள்ல, தன்னோட வாடை இழை அது நடக்கற பாதைக்கு ஒரு இருபது மீட்டர் தள்ளிப் போற மாதிரி உக்காரணும். கிட்டத்தட்டத் தப்பான காத்து. இருபது மீட்டர்தான் மொத்த இடைவெளி. சீனியர் இந்த இடத்துக்காக செப்டம்பர்ல சீசன் ஆரம்பிச்சதுல இருந்து காத்திருந்தார். லேசான கிழக்குக் காத்து அங்க அடிக்கடி வராது. வராத நாள்ல அந்தப் பக்கமே போகமாட்டார், ஒரு தடவை வாடை பட்டா இடம் கெட்டுடும்னு.

அவரோட பரண் வயலோட தாழ்ந்த மூலைல. கிழக்குக் காத்து இருக்கற வரைக்கும் அவர் வாடை பின்னால, மானோட பாதைக்குப் பக்கவாட்டுல போகும். சாயங்காலம் காத்து கீழ இறங்க ஆரம்பிச்சா, நேரா ஓடைக்குள்ள விழுந்து போயிடும், ஏன்னா வயல் முழுக்க அவருக்கு மேல. ரெண்டு நிலைமைக்கும் அவர் கணக்கு சரி. என்னை முகட்டுக்கு அந்தப்புறம், மேற்குச் சரிவுல உக்கார வெச்சார். "உன் வாடை எப்படியும் அந்தப் பக்கம்தான் இறங்கும். நான் வந்து கூப்பிடற வரைக்கும் அங்கேயே இரு."

0.2 வினாடி

நஷ்டம் என்னன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கணக்கு. அவர் வில்லுல இருந்து அம்பு கிளம்பற வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 85 மீட்டர். சத்தத்தோட வேகம் 340 மாதிரி. 25 கெஜம், அதாவது 23 மீட்டர் தூரத்துல மான் நிக்குதுன்னா, நாண் சத்தம் 0.07 வினாடில அதோட காதுக்குப் போயிடும். அம்பு போய்ச் சேர 0.27 வினாடி. நடுவுல 0.2 வினாடி இருக்கு. நிம்மதியா மேயற மான் அதுக்குள்ள பெருசா அசையாது. ஏற்கெனவே விறைச்சு நிக்கற மான், ஓடறதுக்காகக் காலை மடக்கி உடம்பைச் சட்டுனு தாழ்த்தும். நுரையீரலுக்குக் குறி வெச்ச அம்பு மேல போய் முதுகுல தைக்கும். அந்த மான் உடனே சாகாது. ராத்திரி முழுக்க ரத்தத் தடம் தேடணும், சில சமயம் கிடைக்கவே கிடைக்காது. காயத்தோட எங்கேயோ போய்ப் படுத்திருக்கும்.

அதனால வாடை விஷயத்துல மான் ஓடிப்போறது சின்ன நஷ்டம்தான். மான் பாதி சந்தேகத்தோட நிக்கும்போது அம்பு விடறதுதான் பெரிய நஷ்டம்.

அன்னிக்கி சாயங்காலம்

நான் அங்கேயே இருக்கல. அஞ்சு மணி வாக்குல ஓடைச் சத்தம் கேட்டுச்சு. எபிசோடுக்கு நல்ல ஆம்பியன்ஸ்னு தோணிச்சு. ஆப்பைப் பார்த்தேன், இன்னும் கிழக்குக் காத்து, 4 மைல். வயல் கிழக்கே, காத்து அங்க இருந்து என் பக்கம், அப்ப என் வாடை பின்னாலதான் போகும்னு கணக்குப் போட்டேன். முகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் நாப்பது மீட்டர் இறங்கி, ஒரு ஓடைப் பள்ளத்தோட தலைப்புல நின்னேன். முகத்துல காத்தே இல்ல. அதை அமைதின்னு நினைச்சேன். நிழல் விழுந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.

அந்தப் பள்ளம் போய் முடியற இடம் வயலோட மேல் ஓரம்.

மீதியை அவர் சொல்லித்தான் தெரியும். அஞ்சு இருபதுக்கு ஒரு பெண் மான் ரெண்டு குட்டியோட வயலுக்குள்ள வந்தது. கொஞ்சம் பின்னாடி அவர் காத்திருந்த ஆண் மான். அவர் இருந்த பக்கம் திரும்பி, 25 கெஜத்துல பக்கவாட்டா நின்னது. நாணை இழுத்துட்டார். அந்த நேரத்துல பெண் மான் தலையைத் தூக்கி, பள்ளத்தோட வாயைப் பார்த்து முன்னங்காலால தரையை ஒரு தட்டு தட்டுச்சு. ஆண் மான் மேயறதை நிறுத்திட்டு காதைத் திருப்பிச்சு. தொடைத் தசை இறுகறது பரண்ல இருந்தே தெரிஞ்சதுன்னார். அவர் இழுத்த நாணை மெதுவாத் தளர்த்திட்டார். அப்புறம்தான் நீங்க ஆரம்பத்துல கேட்ட அந்த மூணு ஊதல். நாலும் போயிடுச்சு.

இருட்டின பிறகு டார்ச் அடிச்சுக்கிட்டு வந்தார். திட்டல. "எங்க நின்ன?"ன்னு மட்டும் கேட்டார். கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். பையில இருந்து காயை எடுத்து, ஒரு பஞ்சைப் பிச்சு, என் நெஞ்சு உயரத்துல விட்டார். அது ஒரு நொடி அப்படியே நின்னது. அப்புறம் மெதுவா இறங்கி, முழங்கால் உயரத்துக்கு வந்து, பள்ளத்துக்குள்ள போக ஆரம்பிச்சது. டார்ச் வெளிச்சத்தை அது மேலயே வெச்சு ரெண்டு பேரும் பின்னாடியே நடந்தோம். வேர்களைச் சுத்திச்சு, ஒரு விழுந்த மரத்துக்கு அடியில நுழைஞ்சு வந்தது, வளைவுல தானும் வளைஞ்சது. ஆறு நிமிஷத்துக்கு மேல ஆச்சு. மரங்கள் முடியற இடத்துல வெளிய வந்து, ஆல்ஃபால்ஃபா பயிர் மேல தட்டுப்பட்டு நின்னது.

அங்க ஈர மண்ணுல பெண் மான் காலால தட்டின குழி இருந்தது. பஞ்சுக்கும் அதுக்கும் நாலு அடி கூட இருக்காது.